பழைய வேகப் படகுக்கு எந்த அவுட்போர்டு எஞ்சின்? (17 அடி, 20 அங்குல ட்ரான்சம்)

வெள்ளலை:

வணக்கம். என்னிடம் 1979-ல் கட்டிய 17 அடி ஃபைபர் படகு இருக்கிறது. வீ வடிவ அடி. பின்பாதியில் கீல் (அடியின் நடுக்கோடு) கூராக இல்லாமல் ஒரு சாண் அகலத்துக்குத் தட்டையான பேட். ட்ரான்சம் (எஞ்சினை வெளியே மாட்டும் பின்சுவர்) உயரம் 20 அங்குலம். அதிகபட்சம் 140 குதிரைத்திறன் என்று தகட்டில் போட்டிருக்கிறது.

படகோடு வந்த எஞ்சின் அந்தக் காலத்து நேர்வரிசை ஆறு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 115 குதிரைத்திறன், எடை சுமார் 136 கிலோ. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்ததில் ஐந்து சிலிண்டர்களில் 120 பிஎஸ்ஐக்குப் பக்கம் வருகிறது, நான்காவதில் 60தான். திறந்து செலவு செய்வதைவிட மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கண்ணில் பட்டவை நான்கு. பழைய 2.5 லிட்டர் வி6 கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக், 150 குதிரைத்திறன். அதே 2.5 லிட்டரில் நேரடி இன்ஜெக்‌ஷன் டூ ஸ்ட்ரோக், அதுவும் பழையது. அப்புறம் புதிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் 115 அல்லது 150. மணிக்கு 60 மைல் பக்கம் போனால் போதும், பந்தயத்துக்கு இல்லை. வார இறுதியில் ஓட்ட. எதை எடுக்கலாம்?

பழைய ஃபைபர்:

தம்பி, எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். ட்ரான்சம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே. 1979 படகு என்றால் உள்ளே இருப்பது ப்ளைவுட். இத்தனை வருஷத்தில் எஞ்சின் போல்ட் துளை வழியாகவோ, தண்ணீர் வடியும் குழாயைச் சுற்றியோ ஈரம் இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் ப்ளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அழுகிய இடம் பொத்பொத்தென்று இருக்கும். பிறகு எஞ்சினைப் பாதி தூக்கி, லோயர் யூனிட்டின் (ப்ரொப்பல்லர் இருக்கும் கீழ்ப்பாகம்) மேல் உடல் பாரத்தைப் போட்டு அமுக்குங்கள். இன்னொருவர் ட்ரான்சமும் டெக்கும் சேரும் விளிம்பில் கண் வைக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் வேறு பரிசோதனையே வேண்டாம்.

அசைவு இல்லாவிட்டாலும் உள்பக்கமிருந்து, அடியில் கீலுக்குப் பக்கத்தில், 6 மி.மீ. ட்ரில்லால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் கீழேதான் தேங்கும், மேலே துளை போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். ட்ரில்லில் சுற்றி வரும் தூள் வெளிறி, உதிரியாக இருந்தால் நல்லது. கறுப்பாக, விரலில் ஒட்டும் சேறு மாதிரி வந்தால் மரம் போய்விட்டது. பார்த்து முடித்ததும் துளையை எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.

நான்கு அரை அங்குல போல்ட்தான் அத்தனை உந்துவிசையையும் படகுக்குக் கடத்துகிறது. அந்த மரம் சரியில்லை என்றால் 115-ம் வேண்டாம், 150-ம் வேண்டாம்.

ரீட்வால்வ்:

ட்ரான்சம் விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான். எஞ்சினுக்கு என் ஓட்டு 2.5 வி6 கார்புரேட்டர். இந்த மாதிரிப் படகுகளைக் கட்டிய ஆட்கள் மனதில் வைத்திருந்தது லேசான டூ ஸ்ட்ரோக் எஞ்சினைத்தான். 2.5 வி6 சுமார் 180 கிலோ வரும், 150 ஃபோர் ஸ்ட்ரோக் 200-ஐத் தாண்டும். பேட் மேல் படகு ஏற வேண்டுமானால் நடு ஆர்பிஎம்மில் ஒரு உதை வேண்டும். அது டூ ஸ்ட்ரோக்கில் தானாக வரும்.

எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. ஆனால் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா ப்ளக்கையும் கழற்றி, ப்ளக் வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, கேஜ் முள் நிற்கும் வரை சுற்றுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எண் பெரிதா சின்னதா என்பதைவிட ஆறும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

கியர் ஆயிலைக் கீழ்த் திருகு வழியாக இறக்குங்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது.

ஆயில் இன்ஜெக்‌ஷன் இருந்தால் அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பம்பைச் சுழற்றும் சின்ன கியர் தேய்ந்தால் எண்ணெய் நின்றுவிடும், அடுத்த நிமிடமே பிஸ்டன் போகும். என் எஞ்சினில் அதைக் கழற்றி வைத்துவிட்டு டேங்கிலேயே பெட்ரோலும் எண்ணெயும் 50-க்கு 1 கலந்து ஓட்டுகிறேன்.

நீர்க்கோடு:

ரீட்வால்வ் நண்பர் சொல்லும் எடைக் கணக்கு சரிதான், அதே கணக்கில்தான் 115 ஃபோர் ஸ்ட்ரோக் ஜெயிக்கிறது. மெர்க்குரி நிறுவனத்தின் 2.1 லிட்டர் 115-ன் எடை 163 கிலோ. 2.5 வி6-ஐவிடக் குறைவு. பழைய எஞ்சினைவிட 27 கிலோதான் அதிகம்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய எஞ்சினின் 115 க்ராங்க்ஷாஃப்டில் அளந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்துதான் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் அளந்து எழுதத் தொடங்கினார்கள். கியரில், தண்ணீர்ப் பம்பில் போகும் இழப்பெல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது இன்றைய 115. ஒரே எண் என்றாலும் தண்ணீரில் தள்ளும் சக்தி புதியதில் கூடுதல்.

வேகத்துக்கு க்ரௌச் சூத்திரம் போட்டுப் பார்ப்போம். குதிரைத்திறனை மொத்த எடையால் (பவுண்டில்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, படகுக்கான மாறிலியால் பெருக்க வேண்டும். இந்த வகைப் படகுக்கு 210 என்று வைத்துக்கொள்கிறேன். ஹல் 400 கிலோ, டேங்க், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் 75, ஓட்டுபவர் 80. எஞ்சின் இல்லாமல் 555 கிலோ.

115 ஃபோர் ஸ்ட்ரோக் (163 கிலோ): 57 மைல்.
150 ஃபோர் ஸ்ட்ரோக் (206 கிலோ): 63 மைல்.
150 வி6 டூ ஸ்ட்ரோக் (180 கிலோ): 64 மைல்.

கூடுதல் 35 குதிரைக்குக் கிடைப்பது 6, 7 மைல். வேகம் சக்தியின் வர்க்கமூலத்தில்தான் ஏறும், அதனால்தான் இப்படி. அந்த 6 மைலுக்காகத் தகட்டு வரம்பையும் மீறி, ட்ரான்சத்தில் எடையும் ஏற்ற வேண்டுமா என்று யோசியுங்கள்.

ரீட்வால்வ்:

கணக்கு சரி, ஆனால் சூத்திரம் உச்ச வேகத்தை மட்டும்தான் சொல்லும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி மூக்கு இறங்கி ப்ளேனுக்கு (தண்ணீர் மேல் சறுக்கும் நிலைக்கு) வர எத்தனை நொடி, இரண்டு பேர் கூடுதலாக ஏறினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. படகு நாள் முழுக்க உச்ச வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் த்ராட்டிலைத் தட்டினால் எகிற வேண்டும். 2.1 லிட்டர் நாலு சிலிண்டர் அந்த இடத்தில் 2.5 வி6 மாதிரி இருக்காது. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நீர்க்கோடு:

அதை மறுக்கவில்லை. பெட்ரோலையும் சேர்த்துப் பாருங்கள். முழு த்ராட்டிலில் 150 கார்புரேட்டர் மணிக்கு 55, 60 லிட்டர் குடிக்கும். 115 ஃபோர் ஸ்ட்ரோக் 40 பக்கம் நிற்கும். மெதுவாக ஓட்டும்போது இடைவெளி இன்னும் பெரிது. கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் எக்ஸாஸ்ட் துளையும் திறந்திருக்கிறது. ஒரு பங்கு எரியாமலே வெளியே போய் தண்ணீரில் படலமாக மிதக்கும்.

அமெரிக்காவில் 1996-ல் வந்த புகை விதி படிப்படியாகக் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கைச் சந்தையிலிருந்து ஒதுக்கியது இதனால்தான். டாஹோ ஏரியில் 1999-லேயே தடை வந்துவிட்டது. நீங்கள் ஓட்டும் நீர்நிலையில் என்ன விதி என்று எஞ்சின் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல்நாரை:

நேரடி இன்ஜெக்‌ஷனை யாரும் தொடவில்லையே. நான் ஓட்டுவது அதுதான். பெட்ரோல் விஷயத்தில் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பக்கத்தில் வரும், உதை டூ ஸ்ட்ரோக் உதை. மெர்க்குரி ஆப்டிமேக்ஸ் 2.5 லிட்டர் 195 கிலோ.

பழையதை வாங்கினால் கம்ப்யூட்டரை இணைத்து மணிக்கணக்கைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எந்த ஆர்பிஎம்மில் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று உள்ளே பதிவாகியிருக்கும். மொத்தம் குறைவாக இருந்து, அதில் பெரும்பங்கு உச்ச ஆர்பிஎம்மில் என்றால் அது உழைத்துக் களைத்த எஞ்சின். நல்ல பேட்டரியும் வேண்டும், வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் சரியாக ஸ்டார்ட் ஆகாது.

இதே வகையில் எவின்ரூட் நிறுவனத்தின் இ-டெக் எஞ்சின் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 2020-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் உதிரிபாகம் யாரிடம் கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

வெள்ளலை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். தகட்டில் 140. 150 போட்டால் உண்மையில் என்ன ஆகிவிடும்? அப்புறம், 206 கிலோவைப் படகு தாங்குமா என்று வாங்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பழைய ஃபைபர்:

முதல் கேள்விக்கு என் பதில், மீறாதீர்கள் என்பதுதான். ட்ரான்சம் அகலம், படகின் நீளம், ஸ்டீயரிங் வகை எல்லாம் வைத்துக் கட்டியவர்கள் போட்ட எண் அது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் படம் எடுப்பதும் அந்தத் தகட்டைத்தான். சில இடங்களில் மீறுவதே சட்டப்படி குற்றம்.

இரண்டாவதற்கு வழி இருக்கிறது, செலவே இல்லை. படகைத் தண்ணீரில் விடுங்கள், பழைய எஞ்சின் அப்படியே இருக்கட்டும். டேங்கில் முழுப் பெட்ரோல். எடை வித்தியாசம் 206-லிருந்து 136 போக 70 கிலோ. மணல் மூட்டையாகக் கட்டி ஸ்ப்ளாஷ்வெல்லில் (ட்ரான்சத்தை ஒட்டி உள்ளே, ஏறும் அலைத் தண்ணீரை வடிக்கும் தொட்டி) வையுங்கள். எஞ்சினின் கனம் ட்ரான்சத்துக்கு வெளியே தொங்குகிறது, மூட்டை உள்ளே உட்காருகிறது. அதை ஈடுகட்ட 85, 90 கிலோவாகவே வையுங்கள். ஜாக் பிளேட் (எஞ்சினை ஏற்றி இறக்க ட்ரான்சத்தில் மாட்டும் தாங்கி) போடும் எண்ணம் இருந்தால் அதன் எடையும் சேரட்டும்.

பிறகு கரையில் நின்று பாருங்கள். ஸ்ப்ளாஷ்வெல் வடிதுளை தண்ணீருக்கு மேலே இருக்கிறதா, உள்ளே போய்விட்டதா? ட்ரான்சம் வெட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை விரல்? ஒருவரைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒரு படகு போய் அலை வரட்டும், விளிம்பைத் தாண்டி உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள். வேகமாக வந்து சட்டென்று த்ராட்டிலை விட்டால் பின்னலை வந்து ஏறும் இடமும் அதே விளிம்புதான்.

கொஞ்சம்தான் இறங்குகிறது என்றால் பேட்டரியை முன்னால் கொண்டுபோய்ச் சரிக்கட்டலாம். 25 கிலோ பேட்டரி இரண்டரை மீட்டர் முன்னால் போவது பெரிய உதவி. கேபிளைத் தடிமனாகப் போட வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப இறங்கினால் அந்த எஞ்சினை மறந்துவிடுங்கள்.

அப்படியே ஒரு டேப் எடுத்து ஸ்ப்ளாஷ்வெல்லையும் அளந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து எஞ்சின் ஒல்லி. புதியதன் மூடி அகலமும் உயரமும் அதிகம். முழுக்கத் தூக்கும்போது மூடி டெக்கில் இடிக்கும் படகுகள் நிறைய உண்டு.

துடுப்பு:

ஸ்டீயரிங் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். 60 மைல் என்று வெள்ளலை சொல்லிவிட்டார். அந்த வேகத்தில் இந்தப் படகு பேட் மேல் மட்டும்தான் நிற்கும். வீயின் இரண்டு பக்கமும் தண்ணீரை விட்டு எழுந்துவிடும். முதலில் லேசாக இடப்பக்கம் சாயும், திரும்பி வலப்பக்கம் சாயும், ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாக. சைன் வாக் என்பது இதுதான். அனுபவமுள்ள ஓட்டுநர் அது வளர்வதற்கு முன்பே ஸ்டீயரிங்கைத் துளி துளியாக அசைத்து நிறுத்திவிடுவார்.

பழைய ஒற்றைக் கேபிளில் தளர்ச்சி இருந்தால் அந்தத் துளி அசைவு எஞ்சினுக்குப் போய்ச் சேராது. நீங்கள் திருப்பும்போது ஒன்றும் நடக்காது, அடுத்த நொடி தேவைக்கு மேல் திரும்பும். சாய்வு அதனாலேயே பெரிதாகும். வீல் நேராக இருக்கும்போது இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எஞ்சினின் அடிப்பாகத்தைக் கையால் இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கை உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அந்தக் கேபிளோடு வேகம் போகாதீர்கள். இரட்டைக் கேபிள் அல்லது எஞ்சின் திறனுக்கு ஏற்ற ஹைட்ராலிக் போடுங்கள். எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து இதற்கு முதலில் எடுத்து வையுங்கள்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் த்ராட்டிலைப் பட்டென்று விடாதீர்கள், மூக்கு குத்தும். மெதுவாகக் குறைத்து, ட்ரிம்மை (எஞ்சினின் சாய்வை) கொஞ்சம் உள்ளே இழுங்கள். கில் ஸ்விட்ச் (ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) கயிறு எப்போதும் உடம்போடு இருக்கட்டும். இந்தப் படகுகள் ஆளைத் தூக்கி எறிந்தால் திரும்பி அவர்மேலேயே வரும். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

வெள்ளலை:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ட்ரான்சத்தில் இடது கீழ்ப்பக்கம் துளை போட்டதும் கறுத்த தூள் ஈரமாக வந்தது. மேலே நன்றாக இருக்கிறது. கீழே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று நினைக்கிறேன். ஸ்டீயரிங் கேபிளும் ஆடுகிறது. மணல் மூட்டை 90 கிலோ வைத்தபோது வடிதுளை தண்ணீருக்குள் போய்விட்டது. 40 வைத்தபோது இரண்டு விரல் மேலே நின்றது.

பழைய ஃபைபர்:

நல்லவேளை இப்போதே தெரிந்தது. போன பகுதியை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், முழு மரத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 19 மி.மீ. மரைன் ப்ளைவுட் இரண்டு அடுக்கு, நடுவே எபாக்ஸி. பழைய தடிமனை அளந்து அதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்கர்கள் (அடியில் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள்) ட்ரான்சத்தோடு சேரும் இடத்தையும் தட்டிப் பாருங்கள். இவ்வளவு ஈரம் இங்கே இருந்தால் அங்கேயும் இருக்கலாம், அதையும் விட்டு வைக்கக் கூடாது.

புது எஞ்சினின் போல்ட் துளைகள் பழையதோடு பொருந்தாமல் போகலாம். இப்போதைய பொதுவான அளவில் மேல் இரண்டு துளைகளுக்கு நடுவே 12⅞ அங்குலம். துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் முழுக்க நிரப்பி, காய்ந்ததும் நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள். அப்படிச் செய்தால் போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. மறுபடி ஈரம் இறங்க வழியில்லை.

ரீட்வால்வ்:

90-ல் வடிதுளை மூழ்கியது என்றால் 150 ஃபோர் ஸ்ட்ரோக் கதை முடிந்தது. வி6 180 கிலோ, 44 கிலோ வித்தியாசம், நீங்கள் சொல்லும் 40-க்குப் பக்கம்தான், படகு தாங்கும். ஆனால் அதுவும் 150, தகடு 140. ட்ரான்சம் செலவு, ஸ்டீயரிங் செலவு எல்லாம் போக, பழைய எஞ்சினைத் திறக்கும் நிலை வந்தால் உங்களுக்குச் சிரமம். எனக்கு வி6 மேல் உள்ள ஆசை அப்படியே இருக்கிறது. உங்கள் படகுக்கு, உங்கள் நிலைக்கு, 115 ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

வெள்ளலை:

115 என்றே முடிவு செய்துவிட்டேன். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும் அதோடு. ஜாக் பிளேட், நோஸ் கோன் (கியர்கேஸின் முன்னால் ஒட்டும் கூர்மூக்கு) எல்லாம் வேண்டுமா? எந்த ப்ராப்பில் (ப்ரொப்பல்லரில்) தொடங்கலாம்?

நீர்க்கோடு:

நோஸ் கோன் தேவையில்லை. சாதாரண கியர்கேஸின் மூக்கில் தண்ணீர் பிய்ந்து, படகு சட்டென்று ஒருபக்கம் விழும் பிரச்சினை 70 மைலைத் தாண்டும்போதுதான் தலைகாட்டும். நீங்கள் அங்கே போகப் போவதில்லை.

ஜாக் பிளேட் போட்டால் உயரத்தை எளிதாக மாற்றலாம், ப்ராப்புக்குக் கலங்காத தண்ணீரும் கிடைக்கும். ஆனால் எஞ்சினை இன்னும் பின்னால் தள்ளும். உங்கள் வடிதுளைக்கு இருப்பது இரண்டே விரல். நான்கு அங்குலத்துக்கு மேல் பின்னால் போகாத சின்னதாகப் பாருங்கள், அல்லது முதல் பருவம் இல்லாமலே ஓட்டுங்கள். 8, 10 அங்குலம் பின்னால் போனால்தான் ஒரு அங்குலம் உயர்த்தலாம் என்பது பழக்கக் கணக்கு. நான்கு அங்குலத்தில் பெரிய லாபம் இல்லை.

ப்ராப்புக்கு இப்படிப் போடுங்கள். ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் (ஒரு சுற்றில் ப்ராப் முன்னேற வேண்டிய அங்குலம்) பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056-ஆலும் வகுத்தால் வழுக்கலே (ப்ராப் தண்ணீரில் நழுவி வீணாகும் பங்கு) இல்லாத வேகம் மைலில் வரும். இந்த 115-ன் கியர் 2.07. 5900 ஆர்பிஎம், 23 பிட்ச் என்றால் 62 மைல். 10 சதவீதம் வழுக்கல் போக 56. மேலே போட்ட 57-க்குப் பொருந்துகிறது. அதனால் 23 அங்குல ஸ்டெயின்லெஸ் மூன்று இலையில் தொடங்குங்கள். முழு த்ராட்டிலில் 5500 கூடத் தொடவில்லை என்றால் 21-க்கு இறங்குங்கள், பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். 6000-ஐத் தாண்டி ஓடினால் 24 பாருங்கள்.

துடுப்பு:

உயரத்துக்கு நான் சொல்கிறேன். முதல் ஓட்டத்தில் கேவிட்டேஷன் தகடு (ப்ராப்புக்கு நேர் மேலே கிடையாக இருப்பது) பேட்டின் அடியோடு சமமாக இருக்கட்டும். தண்ணீர் அழுத்தக் கேஜ் ஒன்று மாட்டிவிடுங்கள், அது இல்லாமல் எஞ்சினை உயர்த்தக் கூடாது. பிறகு ஒரு போல்ட் துளை உயர்த்தி, அதே தண்ணீரில், அதே பெட்ரோல் அளவில் மறுபடி ஓட்டுங்கள். வேகம் ஏறி, அழுத்தமும் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேலே நின்றால் அடுத்த துளை. அழுத்தம் இறங்கினாலோ, திருப்பத்தில் ப்ராப் காற்றைக் கடித்து ஆர்பிஎம் எகிறினாலோ ஒரு துளை கீழே இறக்கி அதிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ப்ராப்பையும் உயரத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஜிபிஎஸ் வேகம், ஆர்பிஎம், அழுத்தம், மூன்றையும் எழுதிக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். வழுக்கல் எவ்வளவு என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.